உணர்ச்சி அட்டைகளும் சேரிப் பிள்ளைகளும்

ஆறு மஞ்சள் முகங்கள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்றுக்குப் புருவம் நெரிந்திருக்கிறது. மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். கூடவே ஒரு பகடை, கட்டம் போட்ட ஒரு தாள், கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுகிற ஒரு கதைப்புத்தகம். மாணவர்கள் தம் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்வதற்கான பெட்டி என்று சொல்லி ஒரு தொண்டு நிறுவனம் இதை எங்கள் மாலைநேரப் பள்ளிக்கு அனுப்பிவைத்தது. விழுப்புரம் பக்கம் ஒரு காலனியில், சமுதாயக் கூடத்துத் திண்ணையில் நாங்கள் நடத்துகிற பள்ளி. நாலாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். பெட்டியை ஒரு வருஷம் வைத்து ஆடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இது திடீரென்று வானத்திலிருந்து குதித்த சரக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. உணர்ச்சிகளைக் கையாளுவது, மன அழுத்தத்தைக் கையாளுவது, அடுத்தவர் நிலையில் நின்று உணர்வது எல்லாம் அதில் உண்டு. உணர்ச்சியையும் ஒரு அறிவாகக் கணக்கிட வேண்டும் என்று டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் 1995இல் வந்து உலகமெங்கும் விற்றது. தில்லி அரசு 2018 ஜூலையில் தலாய் லாமாவை அழைத்து மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை தினமும் ஒரு பாடவேளை. கண்மூடி உட்காருவது, கதை, விளையாட்டு. இதையெல்லாம் நான் இளக்காரமாகப் பேச வரவில்லை. பிரம்பும் முட்டிபோடலும் மட்டுமே தெரிந்த பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். உனக்கு எப்படி இருக்கு என்று ஒரு வாத்தியார் வாய்திறந்து கேட்பதே எங்களுக்குப் பெரிய விஷயம்தான். கேட்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் என் தகராறு.

ஏழாவது படிக்கிற ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் பைப்படியில் நின்றிருந்தபோது ஊர்த்தெருப் பையன் ஒருவன் இவனைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவனும் சிரித்திருக்கிறான். சாயங்காலம் திண்ணைக்கு வந்து சிரிக்கிற மஞ்சள் முகத்தை எடுத்து வைத்தான். "ஏன்டா இத எடுத்த?" "சிரிச்சேன்க்கா, அதான்." பெட்டியோடு வந்த கையேட்டின்படி அன்றைக்கு அவன் பெயருக்கு நேரே மகிழ்ச்சி என்று குறித்துக்கொள்ள வேண்டும். அட்டை அவனிடம் நீ என்ன உணர்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. யார் என்ன செய்தார்கள் என்று கேட்க அதில் இடமே கிடையாது. உணர்ச்சி என்பது பிள்ளையின் வயிற்றுக்குள்ளேயே உண்டாகி, அங்கேயே சுற்றி, அங்கேயே அடக்கப்பட வேண்டிய வாயு மாதிரி ஒரு எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. அவமானப்படுத்தியவன் படத்திலேயே இல்லை. அவமானப்பட்டவன்தான் பயிற்சி எடுக்க வேண்டும்.

எம்.ஏ. படிக்கும்போது மெய்ப்பாட்டியல் எனக்குப் பரீட்சைக்கு வரும் ஒரு வினா, அவ்வளவுதான். இந்தப் பெட்டி வந்தபிறகு அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டு என்ற கணக்கு முக்கியமில்லை. ஒவ்வொன்றுக்கும் அது எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் சொல்கிறார் பாருங்கள், அதுதான் முக்கியம். வெகுளி எதனால் வருகிறது? ஒருவன் உறுப்பை அறுப்பதால், குடியைக் கெடுப்பதால், அடித்து அலைக்கழிப்பதால், கொல்ல வருவதால். நான்குமே இன்னொருவன் வந்து செய்கிற காரியம். கோபக்காரனின் சுபாவம் என்று ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. நம் சேரிகளில் நடந்த வன்முறைகளை இந்த நான்கு தலைப்பில் பிரித்து எழுதிவிடலாம். ஐந்தாவது தலைப்பு தேவைப்படாது. பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுகிற கதைப்புத்தகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பழைய நூல், எது புது நூல் என்றே சந்தேகம் வருகிறது.

பெருமிதத்துக்கு அவர் சொல்லும் காரணங்கள்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. பிறப்பு அதில் இல்லை. இன்ன சாதியில் பிறந்தேன் என்று மார்தட்டுவதற்கு இலக்கணத்தில் இடமில்லை என்று நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம், அதைவிட அவசியமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதனால் தொல்காப்பியரை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. மரபியலில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்று வரிசை வைத்ததும் அதே நூல்தான் (இடைச்செருகல் என்பவர்கள் உண்டு, செருகியவனும் தமிழ்ப் புலவன்தானே). குறையும் இருக்கிறது. எள்ளல் என்பதை நகையின் கீழ் வைத்திருக்கிறார். பிறரை எள்ளிச் சிரிப்பதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் சிரிப்பதும் இரண்டும் இதில் அடங்கும் என்று பேராசிரியர் உரை சொல்கிறது. பைப்படியில் சிரித்த பையன் இந்த இரண்டாவது ஆள். உரைகாரருக்கு இந்தச் சிரிப்பு தெரிந்திருக்கிறது. மஞ்சள் முகம் வரைந்தவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை உரைகாரரும் தோண்டவில்லை. அதைத் தோண்டிக் காட்டியவர் பாமா.

'கருக்கு' 1992இல் வந்தது. அதில் சின்னப் பெண் ஒருத்தி தெருவில் பார்க்கிற காட்சி எல்லாருக்கும் தெரியும். நம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை, கை படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். இவ்வளவு பெரிய ஆள் இத்துனூண்டு பொட்டலத்தை இப்படித் தூக்கிக்கொண்டு போகிறாரே என்று அந்தப் பிள்ளைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படிக் கொண்டுபோனார் என்று சொல்கிறார். அந்த நிமிஷத்தில் சிரிப்பு கோபமாக மாறுகிறது. நகை வெகுளியாகிற இடம் அது. அண்ணன் செய்தது என்ன? தங்கச்சியை மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார். யார், எதற்காக, என்ன வழக்கம் என்று சொன்னார். காரணம் தெரிந்ததும் உணர்ச்சி தன் சரியான பெயரை அடைந்துவிட்டது. உணர்ச்சிக் கல்வி என்று ஒன்று இருக்குமானால் அதற்குத் தமிழில் இதைவிடச் சுருக்கமான பாடம் நான் படித்ததில்லை.

இதை எட்டாவதுக்கு மேல் படிக்கிறவர்களோடு வாய்விட்டுப் படித்தோம். முதலில் அவர்களுக்குச் சிரிப்பு, விருதுநகர் பக்கத்துப் பேச்சு அவர்களுக்குப் புதுசு. அப்புறம் அதே புத்தகத்தில் தென்னை மரம் வருகிற இடம். பள்ளிக்கூடத்து மரத்தில் ஓடி ஏறி உச்சியைத் தொட்டுவருகிற விளையாட்டு. இவள் தொட்டபோது ஒரு காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வைத்து, சாதியைச் சொல்லி, திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள். சேர்ந்து விளையாடியது பல பேர், திருடியாக நின்றது ஒருத்தி. படித்து முடித்ததும் ஒருத்தரும் பேசவில்லை. அட்டைகளைப் பரப்பி வைத்தேன். ஒரு பெண் எல்லா அட்டையையும் பார்த்துவிட்டு, "இதுல இது இல்லக்கா" என்றாள். சரி, நீயே வரை என்று வெள்ளை அட்டை கொடுத்தோம்.

என்ன வரைவது என்று தவித்தபோது கைகொடுத்தது 'பீமாயணம்'. 2011இல் வந்த சித்திரப் புத்தகம். ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. அம்பேத்கரே எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்து எடுத்த சம்பவங்கள்தான் அடிப்படை: பியூன் வந்து குழாயைத் திறக்காத நாளில் தாகத்தோடேயே உட்கார்ந்திருந்த பள்ளிப் பையன், அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்த சிறுவன். பொதுவாகச் சித்திரக் கதை என்றால் பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடைத்து, பேச்சையெல்லாம் ஒரே மாதிரி முட்டைக்குள் போடுவார்கள். இந்த ஓவியர்கள் ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்க ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற திக்னா கோலத்தைக் கொண்டு பக்கத்தைப் பிரித்தார்கள். பேச்சுக்கும் மூன்று வடிவம் கண்டுபிடித்தார்கள். இழிவைச் சுமக்கிறவர்கள் பேசுவது பறவை வடிவத்தில் இருக்கும். சாதியை உமிழ்கிறவன் பேச்சுக்குத் தேள்கொடுக்கு இருக்கும். சொல்லாமல் மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் இருக்கும்.

நான் இந்தப் புத்தகத்தைக் கலைப் படைப்பாக மட்டும் பாராட்டிவிட்டுப் போகத் தயாராக இல்லை. விமர்சகர்கள் பழங்குடிக் கோடு, நவீனக் கோடு என்று பேசிப் பக்கங்களை நிரப்பினார்கள். தேள்கொடுக்கின் பலம் என்னவென்றால் அது உணர்ச்சியைக் கேட்டவன் உடம்பிலிருந்து எடுத்துச் சொன்னவன் வார்த்தையில் வைக்கிறது. கொட்டியது தேள். வலிக்கிறவனுக்கு எந்த நோயும் இல்லை. நாலாவது படிக்கிற பிள்ளைக்கும் இது பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சேரிக்காரர் பேச்சு எல்லாம் பறவை என்றால், எங்கள் வாயிலிருந்து தேள் வருவதே இல்லையா? இதற்கு ஒரு விளையாட்டு பதில் சொன்னது, பின்னால் வருகிறேன்.

நாங்கள் இதை ஆட்டமாக்கினோம். அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு வார்த்தையைச் சிலேட்டில் எழுதி, அதற்குப் பறவையா, தேளா, கண்ணா என்று வடிவம் போட வேண்டும். யார் சொன்னது என்பதை எழுதலாம், எழுதாமலும் விடலாம். வாத்தியார் சொன்ன வார்த்தைகளுக்குத்தான் அதிகம் கொடுக்கு முளைத்தது. அட்டையில் 'இது இல்ல' என்று சொன்ன பெண் வரைந்தது சிரிக்கிற முகம்தான். நெற்றியில் மட்டும் ஒரு கண் விரியத் திறந்திருந்தது. அதற்குக் கீழே என்ன பெயர் எழுதுவது என்று கேட்டாள். இளிவரல் என்று எழுதலாமா என்று பார்த்தேன், தொல்காப்பியர் அதற்குச் சொல்லும் காரணங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பைப்படி அதில் வராது. பெயரில்லாமலே அது இப்போதும் பெட்டியில் கிடக்கிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். பெட்டியில் வந்த கட்டத் தாள் பாம்பும் ஏணியும்தான். 'நான் பொறுமையாக இருந்தேன்' என்றால் ஏணி, 'நான் கோபப்பட்டேன்' என்றால் பாம்பு. வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளை விளையாட்டாக்குவதற்கு முந்தியே நம்மிடம் இருந்தது பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் கண்விழித்து ஆடுவார்கள். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு, உச்சியில் வைகுண்டம். விழுந்தால் உன் வினை. ஏறினாலும் உன் வினை. பகடை யார் கையில் என்று கேட்கக் கூடாது. கர்மக் கோட்பாட்டை இதைவிடச் சுலபமாகப் பிள்ளைகள் விரலுக்குள் ஏற்ற முடியாது. தொண்டு நிறுவனம் செய்ததெல்லாம் பாவத்தை அழித்துவிட்டுக் கோபம் என்று எழுதியதுதான்.

அம்பேத்கர் 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' முதல் இதழில் இந்து சமூகத்தைப் பல மாடிக் கோபுரமாகச் சொன்னார். ஒவ்வொரு மாடியும் ஒரு சாதி. மாடிக்கு மாடி போக ஏணி கிடையாது. ஏணி இல்லாத கட்டடத்தில் பிறந்த பிள்ளைக்கு ஏணி வரைந்த தாளைக் கொடுத்து, நீ பொறுமையாக இருந்தால் ஏறலாம் என்று சொல்வது உணர்ச்சிக் கல்வியா, ஏமாற்று வேலையா? அவரே இன்னொன்றும் சொன்னார். மேலே போகப் போக மரியாதை கூடும், கீழே வர வர இகழ்ச்சி கூடும். சாதி அப்படியொரு படிவரிசை. மரியாதை, இகழ்ச்சி இரண்டுமே உணர்ச்சிகள்தான் என்பதைக் கவனியுங்கள். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது இடித்துத் தள்ளிவிடக்கூடிய செங்கல் சுவர் அல்ல, அது ஒரு மனநிலை என்று எழுதியவர் அவர். உணர்ச்சியைப் பாடமாக்க வேண்டும் என்கிறவர்கள் கோல்மனைப் படிப்பதற்கு முன்னால் இவரைப் படித்திருக்கலாம்.

தேள் கதைக்கு வருகிறேன். மழைநாளில் பிள்ளைகள் சீட்டு எழுதிப் போட்டு ஆடுவார்கள்: ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். ராஜாவுக்கு ஆயிரம், திருடனுக்குப் பூஜ்யம். போலீஸ் சீட்டு வந்தவன் முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். முகம் பார்த்து உணர்ச்சி படிக்கிற ஆட்டம்தானே என்று நானும் உட்கார்ந்தேன். நாலைந்து ஆட்டம் போனதும் ஒன்று கண்ணில் பட்டது. போலீஸ் யாராக இருந்தாலும் முதலில் விரல் நீளுவது ஒரே பையனை நோக்கி. எங்கள் காலனிக்கு ஒரே ஒரு புதிரை வண்ணார் குடும்பம். அவர்கள் வீட்டுப் பையன் அவன்.

இதை எழுதக் கூடாது, எதிரிக்கு வாய் கொடுத்த மாதிரி ஆகும் என்று தோழர்கள் சிலர் சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும். ஊர் நம்மைத் திருடன் என்கிறது, நாம் நம் துணி வெளுத்த வீட்டுப் பிள்ளையைத் திருடன் என்கிறோம். படிவரிசை என்று அவர் சொன்னது இதைத்தான். நான் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. மறுநாள் ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்தோம்: போலீஸ் விரல் நீட்டுவதற்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைச் சிலேட்டில் எழுத வேண்டும். "அவன் முழிக்கிறான்." "அவன் எப்பவுமே அப்பிடித்தான்." "தெர்ல, தோணுது." மூன்று நாளில் சிலேட்டில் இருந்ததைப் பிள்ளைகளே உரக்கப் படித்தார்கள். எல்லாம் தேள்கொடுக்கு போட வேண்டிய வார்த்தைகள் என்று ஒரு சின்னப் பெண்தான் சொன்னாள். ஒரு பாட்டி வந்து, "ஆட்டத்துல போயி என்னாத்துக்கு பாப்பா நாயம் பாக்குற? புள்ளைங்கள வெளையாட வுடு" என்று சண்டைக்கு நின்றது. அந்தப் பையன் ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் வந்தான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. விரல் இப்போதும் சில நாள் அந்தப் பக்கம் போகிறது, ஆனால் நடுவழியில் தயங்குகிறது.

இதுவரைக்கும் சொன்னது நம் தெருவுக்குள் நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிற பள்ளிக்கூடத்தில் என்ன செய்வது? அடுத்தவர் நிலையில் நின்று உணர்வது என்பதைக் காட்ட, ஊர்ப் பையனைத் தலித்தாகவும் தலித் பையனை ஊர்க்காரனாகவும் மாற்றி நடிக்க வைக்கலாம் என்று கையேடு யோசனை சொல்கிறது. இதற்கு முன்னோடியாக எல்லாரும் காட்டுவது ஜேன் எலியட். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ரைஸ்வில் ஊரில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்தார் அந்த ஆசிரியை. ஒரு நாள் ஒரு கண்ணுக்காரர் உசத்தி, அடுத்த முறை மற்றவர். தாழ்ந்தவருக்குக் கழுத்தில் துணிப்பட்டை. ஒரே நாளில் பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று, படிப்பில் தடுமாறினார்கள். பிள்ளைகளை இப்படி வதைக்கலாமா என்று அன்றிலிருந்து இன்றுவரை சண்டை நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரும் வெள்ளைப் பிள்ளைகள். அடிமைப்பட்டவன் யாரையும் கூட்டிவந்து நிறுத்தி, உன் வலியைக் காட்டு, இவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை. நம் வகுப்பறையில் அதே ஆட்டத்தை ஆடினால் தலித் பிள்ளைக்கு அது ஆட்டமே கிடையாது. அவன் நேற்றுப் பைப்படியில் பட்டதை இன்று கரும்பலகைக்கு முன்னால் இன்னொரு தடவை படுகிறான், இந்தத் தடவை கைத்தட்டலோடு. மற்றவனுக்கு இரக்கம் வருவதற்கு இவன் சதையைக் கொடுக்க முடியாது.

அங்கே கழுத்துப்பட்டை ஒரு ஆசிரியை கண்டுபிடித்த விளையாட்டுச் சாமான். இங்கே கைக்கயிறு நிஜம். சாதிக்கொரு நிறத்தில் பள்ளிப் பையன்கள் கயிறு கட்டுகிறார்கள் என்று 2019இல் பள்ளிக்கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது; எதிர்ப்பு வந்ததும் அது முடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி போக வேண்டும், மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றை அறுக்கலாம். கயிறு கட்டிய கைக்குள் ஓடுகிற பெருமிதத்தை என்ன செய்வது? அதற்கு இந்தப் பெட்டியில் அட்டை இல்லை. அந்த ஆறு முகத்தில் ஒன்றுகூட மீசை முறுக்கவில்லை.

சோகம், பயம், கோபம் என்று நம் பிள்ளைகளின் உணர்ச்சியை மட்டும் வரைந்து தள்ளியவர்களுக்கு ஆதிக்கமும் ஒரு உணர்ச்சி என்று தோன்றவே இல்லை. அதை நோயாகப் பார்க்காததால் மருந்தும் தேடவில்லை. அடுத்த பதிப்பு வரப்போவதாக அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். காலனிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கயிறு கட்டிய பையன்களோடு உட்கார்ந்து ஒரு வருஷம் ஆடிப் பாருங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். பத்து வரைக்கும் எண்ணுவதையும் அங்கேயே தொடங்கலாம்.